கப்பலில் வந்தவள்

அட்டையில் எழுதியிருப்பது தன் பெயர்தான் என்பதை எர்லிந்தா முதலிலேயே பார்த்துவிட்டாள். பார்க்காதது போல இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கப்பலிலிருந்து இறங்கிய கூட்டம் துறைமுக வாசலில் நெரிபட்டுக்கொண்டிருந்தது. டாக்சிக்காரன் அந்த அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்குமாக நடந்தான். எழுத்து கோணலாக இருந்தது. புருஷன் எவரார்தோவின் கையெழுத்து இல்லை. இருந்தாலும் அனுப்பியது அவராகத்தான் இருக்கவேண்டும், வேறு யார்? காலையில் சண்டை போட்டுவிட்டுப் போன மனுஷன் இப்போது வண்டி அனுப்பிச் சமாதானம் பேசுகிறார். பேசட்டும், கொஞ்சம் காயட்டும். இளநீர் தீர்ந்ததும் காயைப் பிளக்கச் சொன்னாள். வழுக்கையில் எலுமிச்சை பிழிந்து மிளகாய்த்தூள் தூவச் சொல்லி, ஒவ்வொரு துண்டாக மென்று தின்றாள். அதற்குள் டாக்சிக்காரன் பல தடவை அவளைக் கடந்து போய்விட்டான்.

கடைசியில் அவனே வந்து கேட்டான். “நீங்கதான் எர்லிந்தா அம்மாவா?”

“ஆமா. எங்க கூட்டிட்டு வரச் சொன்னாரு?”

“மேட்டுத் தெருவுக்கும்மா. ஒதீலியா அம்மா வீட்டுக்கு.”

“அந்த வீட்டுக்கா? அங்க காலை வைக்க மாட்டேன்னு காலையிலயே சொல்லிட்டேன். போய் அவரை இங்க வரச் சொல்லு. மணிக்கணக்கா வெயில்ல உட்கார்ந்திருக்கேன்னும் சொல்லு.”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “அவரால வர முடியாதும்மா,” என்றான்.

கழற்றிய அந்தத் தொப்பியையும் அவன் குனிந்த தலையையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. வாயில் பாதி மென்ற தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

நாலு நாள் கப்பல் பயணம் அது. அமெரிக்கக் கரையில் லாங் பீச்சில் ஏறி, கதலீனா தீவைத் தொட்டு, மெக்சிகோக் கரையில் என்செனாதாவில் ஒரு பகல் நின்று, திரும்பி வந்துவிட வேண்டியதுதான். வில்மிங்டனில் அவர்கள் தெருவில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஆறு மாதம் அதையே பேசினார்கள். எவரார்தோ மட்டும், “ஆயுசு பூரா மீன் நாத்தத்தோட கிடந்தவனுக்கு எதுக்குடி கப்பல்?” என்று தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் இரண்டு டிக்கெட்டோடு வந்து நின்றபோது எர்லிந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளிப் படம் போட்ட ஒரு கவுன், வைக்கோல் தொப்பி, வெள்ளைச் செருப்பு எல்லாம் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரிகள் எல்லாரிடமும் காட்டினாள். பிடிக்காதவர்களிடம் இரண்டு தடவை காட்டினாள்.

என்செனாதா அவர் பிறந்த ஊர். அவருடைய முதல் மனைவியைப் புதைத்த ஊரும் அதுதான். ரெஃபூகியோ என்பது அவள் பெயர், ஊரார் கூப்பிட்டது கூக்கா என்று. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முழுதாக வாழவில்லை. காய்ச்சலில் போய்விட்டாள். ஒவ்வொரு நவம்பரிலும் இறந்தவர்கள் திருநாளுக்கு எவரார்தோ பஸ் பிடித்துத் தனியாகப் போவார். கல்லறையைக் கழுவி, சாமந்திப் பூ பரப்பி, கூக்காவின் தங்கை ஒதீலியா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். எர்லிந்தாவை அவர் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். அந்த இரண்டு நாளும் வில்மிங்டன் வீட்டில் பாத்திரங்கள் படாத பாடு படும்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் முடியைப் பிடித்து இழுக்கலாம். செத்துப்போனவளை என்ன செய்வது? அவளுக்கு நரைக்காது, மூட்டு வலிக்காது, பீன்ஸ் அடிப்பிடிக்காது. புருஷனோடு சண்டை போட அவளுக்கு நேரமே இருந்திருக்காது. அவளுக்கு எப்போதும் இருபத்து மூன்று வயது. எர்லிந்தாவுக்கோ ஒவ்வொரு வருஷமும் ஒரு வயது கூடிக்கொண்டே போனது. குழந்தையாவது பிறந்திருந்தால் தன் பக்கம் கொஞ்சம் கனம் சேர்ந்திருக்கும் என்று நினைப்பாள். அதுவும் பிறக்கவில்லை.

கப்பலில் கூக்கா இல்லை. அதுதான் எர்லிந்தாவுக்குப் பெரிய சந்தோஷம். வாழ்நாள் முழுக்க விடுதி அறைகளில் அடுத்தவர் படுக்கையை விரித்தவள் அவள். இப்போது அவள் படுக்கையை யாரோ விரித்துவைத்தார்கள். அதன்மேல் துண்டையே யானை மாதிரி மடித்து உட்கார்த்திவைத்தார்கள். எப்படி மடித்திருக்கிறான் என்று பார்க்க அவள் யானையைப் பிரித்தாள். திரும்ப மடிக்க வரவில்லை. எவரார்தோ கட்டிலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலம் பெரிய படிக்கட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவள் பச்சை உடுப்பில், அவர் கோட்டில். அப்படி நல்ல துணி உடுத்தி இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படம் அதுவரை அவர்களிடம் ஒன்றுகூட இல்லை.

அப்புறம் இன்று காலை. எல்லாரும் கடல்நீர் பீறிட்டு அடிக்கும் பாறையைப் பார்க்கப் போகிற பஸ்ஸுக்கு வரிசையில் நின்றார்கள். எவரார்தோ அவள் முழங்கையைத் தொட்டார்.

“ஒரு மணி நேரம் குடு எர்லிந்தா. ஒதீலியாவைப் பார்த்து ஒரு விஷயம் பேசணும். அப்படியே கல்லறைக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம். இந்தத் தடவை நீயும் வாயேன்.”

“ஓ! இதுக்குத்தானா கப்பலு? அவளைப் பார்க்கறதுக்கு என்னைத் தொப்பி போட்டுக் கூட்டிட்டு வந்தீங்களா?”

“அதில்லடி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு...”

“ஒண்ணும் கேக்க வேண்டாம். போங்க. உங்க பொண்டாட்டிகிட்டயே போங்க!”

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேட்டைப் பார்த்து நடந்துபோனார்.

ஒதீலியாவின் வீட்டில் அவரை ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். நெஞ்சைத் தேய்த்துவிடுவதற்காகச் சட்டைப் பொத்தான்களை யாரோ கழற்றியிருந்தார்கள். எர்லிந்தா அழவில்லை. குனிந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். வேறொருத்தி கழற்றிய பொத்தான் என்பதைத் தவிர அவள் புத்தியில் அப்போது எதுவும் ஓடவில்லை.

மேசையில் இரண்டு காப்பிக் கோப்பைகள் இருந்தன. ஒரு இனிப்பு ரொட்டி கடித்தபடி கிடந்தது. கடித்த இடத்தைப் பார்த்தாள். அது அவர் கடி. வீட்டில் சர்க்கரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவள் ஒளித்துவைக்கிற ரொட்டி.

“பேசிட்டுத்தான் இருந்தாரு அத்தான்,” என்றாள் ஒதீலியா. துறைமுகத்தில் சிப்பி விற்பவள். அறுபது வயதிருக்கும், கட்டையான உருவம், கையெல்லாம் கத்திக் கீறல். “நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். நாற்காலி சாயற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான்.”

“என்ன பேசினாரு?”

“என்னமோ. பழைய கதை.” ஒதீலியா சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அத்தானாம். முப்பது வருஷமாக ஒருத்தி இங்கே உட்கார்ந்துகொண்டு அவரை அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எர்லிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெந்நீர் வைங்க,” என்றாள். “நானே குளிப்பாட்டிக்கறேன். யாரும் உள்ள வர வேண்டாம்.” கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

மதியம் சவப்பெட்டிக்காரர் வந்தார். முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு, எங்கே அடக்கம் என்று கேட்டார்.

“எங்க அக்காகூடத்தான்,” என்றாள் ஒதீலியா. “இடம் இருக்கு.”

“முடியாது,” என்றாள் எர்லிந்தா.

சவப்பெட்டிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இம்மாதிரி வீடுகளை அவர் நிறையப் பார்த்திருப்பார் போல, குரலை உயர்த்தவில்லை. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோவதென்றால் காகித வேலைக்கே பல நாள் ஆகும் என்றார். இங்கேயே வேறு இடம் என்றால் ஊருக்கு வெளியே, மலைச்சாலையில் புதுக் கல்லறை ஒன்று இருக்கிறது. “ஆனா அங்க இன்னும் ஆளே கிடையாதும்மா. காத்துதான் அடிக்கும்.”

“அங்கயே போடுங்க.”

“பாவி, மனுஷன் அநாதை மாதிரி கிடக்கணுமா?” என்று ஒதீலியா கத்தினாள். “சொந்தம்னு ஒருத்தர் பக்கத்துல வேணாமா?”

“நான்தான் சொந்தம். நான் வந்து பார்த்துக்கறேன். அவகிட்ட மட்டும் விடமாட்டேன்.” அந்த ‘அவ’ யார் என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீடு நிறைந்துவிட்டது. நாலு மெழுகுவர்த்தி ஏற்றி, பெட்டிக்கு அடியில் தரையில் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருந்தார்கள். ஒதீலியா ஒரு கறுப்பு உடுப்பை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். எர்லிந்தாவின் துணியெல்லாம் கப்பலில் கிடந்தது. உடம்பில் இருப்பது கிளி போட்ட கவுன் மட்டும்தான்.

“யாருது இது?”

“எங்க அம்மாவோடது. அக்கா செத்தப்போ போட்டிருந்தது.”

“வேண்டாம்,” என்று எர்லிந்தா கிளிகளோடே போய்ப் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் பெட்டிக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த படம் கண்ணில் பட்டது. எவரார்தோவும் கூக்காவும் கல்யாணக் கோலத்தில். அவர் ஒல்லியாக, மீசை கருகருவென்று. அவள் கன்னத்தில் குழி. அழகிதான், வெட்கங்கெட்டவள். அந்த வீட்டில் அவருடைய படம் வேறு இல்லை, அதனால் மாட்டியிருக்கிறார்கள் என்று எர்லிந்தாவுக்குப் புரிந்தது. புரிந்து என்ன பயன்? தன்னுடைய படம் கப்பலில், படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில், விற்பனைப் படங்களுக்கு நடுவே, காசு கொடுத்து வாங்க ஆளில்லாமல் மாட்டிக்கிடக்கும். இரண்டு நாள் கழித்து எடுத்துக் குப்பையில் போடுவார்கள்.

எழுந்து, படத்துக்குக் கீழே அலமாரித் தட்டில் இருந்த உயரமான பூச்சாடியைக் கூக்காவின் முகத்துக்கு நேராக நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒதீலியா மெழுகுவர்த்தியைச் சரிசெய்வது போல வந்து சாடியைத் திரும்ப ஓரத்துக்குத் தள்ளினாள். ஜெபமாலை தொடங்கியதும் எர்லிந்தா பழைய இடத்துக்கு நகர்த்தினாள். ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் சாடி திரும்ப ஓரத்துக்குப் போய்விட்டது. “அருள் நிறைந்த மரியே” என்று எல்லாரும் தலைகுனிந்திருந்த நேரத்தில் சாடி மட்டும் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் நேராக ஒதீலியாவிடம் போய்க் கட்டிப்பிடித்து அழுதார்கள். எர்லிந்தாவைப் பார்த்துச் சின்னதாகத் தலையசைத்துவிட்டு விலகிப் போனார்கள். அது ஏன் என்று அவளுக்குத் தட்டு வரும் வரைக்கும் புரியவில்லை. வயதான பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி ஒரு தட்டில் சோளமாவில் அவித்த தமாலேயும் பீன்ஸும் வைத்துக் கொண்டுவந்தாள். செவிடர்களிடம் பேசுவது போல உரக்க, வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்:

“எங்க ஊரு... உங்களுக்கு... பிடிச்சிருக்கா?”

எர்லிந்தா அண்ணாந்து பார்த்தாள்.

“இது... காரம். மெதுவா... சாப்பிடணும்.” கிழவி வாயில் விசிறுவது போலக் கையை ஆட்டிக் காட்டினாள். “உங்க கப்பலு எத்தனை மணிக்கு? விட்டுடாதீங்க.”

அந்த ஊர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கப்பலில் வருகிற சுற்றுலாக்காரர்கள் எங்கேயும் நுழைவார்கள். நவம்பரில் கல்லறைகளுக்கு நடுவே நின்று படம் எடுப்பார்கள். போன வருஷம் யாரோ ஒரு தம்பதி கல்யாண வீட்டுக்குள் புகுந்து, பாட்டுக்கு ஆடி, கேக்கும் தின்றுவிட்டுப் போனார்களாம். கவுனும் வைக்கோல் தொப்பியும் கழுத்தில் கப்பல் அட்டையுமாக ஒருத்தி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், துக்க வீட்டையும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்.

“நான் நயாரீத்துக்காரி,” என்றாள் எர்லிந்தா. “எனக்கு யாரும் காரம் கத்துத் தர வேண்டாம்.”

“அட, நம்ம ஆளா! அப்போ நீங்க இங்க...?”

“செத்தவரோட பொண்டாட்டி.”

கிழவி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். “ஆனா கூக்கா...” என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்போது துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதியது. நீளமாக ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பச்சை உடுப்பும் அவர் கோட்டும் சவர டப்பாவும் போகின்றன என்று எர்லிந்தா நினைத்தாள். சத்தம் அடங்கியதும் ஜெபம் சொல்கிறவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தாள்: “எங்கள் கூக்காவின் அன்புக் கணவர் எவரார்தோவின் ஆன்மாவுக்காக...”

எர்லிந்தா தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். ஒதீலியா பின்னாலேயே வந்து கதவை ஒருக்களித்தாள்.

“அந்தச் சாடியை இன்னொரு தடவை தொட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்,” என்றாள் ஒதீலியா அடிக்குரலில். “இது என் வீடு.”

“அது என் புருஷன்.”

“எங்க அக்காவுக்கும்தான்.”

“ரெண்டு வருஷம்! அதுவும் முழுசா இல்ல! அவரோட குறட்டை தெரியுமா உங்க அக்காவுக்கு? சர்க்கரை தெரியுமா? மீன் கம்பெனியில வேலை போயி ஒரு வருஷம் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாரே, அப்போ எங்க இருந்தா உங்க அக்கா? நான் மத்தவங்க படுக்கையை விரிச்சுச் சோறு போட்டேன். நவம்பர் வந்தா பூவு மட்டும் அவளுக்கு!”

“உனக்கு என்னடி குறைச்சல்?” ஒதீலியாவின் குரலும் ஏறியது. “முப்பது வருஷம் அவரை வெச்சு வாழ்ந்தே. தொப்பி போட்டுக்கிட்டுக் கப்பல்ல வந்தே. அது பத்தாதுன்னு எங்க அக்கா கிடக்கற குழியிலயும் உனக்கு இடம் வேணுமா?”

“எனக்கா? நான் எப்போ கேட்டேன்?”

ஒதீலியா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் காப்பிப் பானை கொதித்து, இலவங்கப்பட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் போய் அடுப்பை அணைத்தாள். பிறகு திரும்பாமலே பேசினாள்.

“நீ கேக்கல. அவர் கேட்டாரு. அதுக்குத்தான் காலையில வந்தாரு. அந்தக் குழி எங்க அப்பா வாங்கினது, இப்போ என் பேர்ல இருக்கு. நான் ஒப்புக்கிட்டாத்தான் வேற ஆளை வைக்க முடியும். ‘மூணு பேருக்கும் அந்த எடத்தைக் குடு ஒதீலியா. கூக்காவையும் விட முடியல, எர்லிந்தாவை விட்டுட்டும் எனக்குப் படுக்க முடியாது’ன்னாரு. நான் முடியாதுன்னேன். யாரோ ஒரு பொம்பளையைக் கொண்டாந்து எங்க அக்கா மேல படுக்க வைப்பீங்களான்னு கேட்டேன். சத்தம்தான் போட்டேன். அவர் சிரிச்சாரு. ‘காப்பி ஆறிடுச்சு, கொஞ்சம் சூடு பண்ணிக் குடு’ன்னாரு. நான் திரும்பினேன்...”

அவள் தோள் குலுங்கியது. நீயும் வாயேன் என்று காலையில் அவர் ஏன் கூப்பிட்டார் என்பது எர்லிந்தாவுக்கு இப்போதுதான் தெரிந்தது. இடத்தைக் காட்டக் கூப்பிட்டிருக்கிறார். கப்பல், தொப்பி, படிக்கட்டுப் படம் எல்லாமே இதைச் சொல்லத் தைரியம் வரவழைத்துக்கொள்ளத்தானோ என்னவோ. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

“மூணு பேராமே! ரெண்டு பொண்டாட்டியையும் பக்கத்துல போட்டுக்கிட்டு ராஜா மாதிரி படுக்கலாம்னு பார்த்திருக்காரு. என்னைக் கேட்டாரா ஒரு வார்த்தை?” சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து, அன்று முதல் தடவையாக அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைக் கவுனில் துடைத்து, முற்றத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதாள். கேட்கட்டும் என்றுதான் அழுதாள். ஒதீலியா அவள் முதுகைத் தொடக் கை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் எர்லிந்தா முகத்தைக் கழுவினாள்.

“நாளைக்கு அந்தக் குழியையே திறக்கச் சொல்லு.”

“மனசு மாறிடுச்சா?”

“மனசும் மாறல, மண்ணாங்கட்டியும் மாறல. அந்த மலையில தனியாப் போட்டா அங்க கிடந்துக்கிட்டு அவளையே நினைச்சு ஏங்குவாரு. எனக்குத் தெரியாதா அவரை? கூடவே கிடக்கட்டும். ராத்திரி பகல் பக்கத்துலயே இருந்தாத்தான் ஒருத்தி எப்படின்னு தெரியும். அப்போதான் என் நினைப்பு வரும்.”

“அக்காவுக்கும் கொஞ்சம் முன்கோபம்தான்,” என்று ஒதீலியா ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கல்லறைக்குப் போனபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கீழே விரிகுடாவில் இன்னொரு கப்பல் வந்து நின்றிருந்தது. கல்லறைக்காரர் பலகைக் கல்லை நெம்பி நகர்த்தினார். கீழே இறங்கியவர் கொஞ்ச நேரம் ஏதோ செய்துகொண்டிருந்தார். பழைய பெட்டி மக்கி உட்கார்ந்துவிட்டிருந்தது. புதுப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்றால் எஞ்சிய எலும்புகளைச் சேர்த்தெடுத்துச் சின்னப் பெட்டியில் போட்டுப் பக்கத்தில் வைப்பது அங்கே வழக்கம்.

பார்க்கக் கூடாது என்றுதான் எர்லிந்தா நினைத்திருந்தாள். பார்த்தாள். வெள்ளைத் துணியில் சுற்றியதைப் பலகைப் பெட்டிக்குள் வைத்து அவர் மேலே நீட்டினார். பெரிய செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். வாங்க யாரும் முன்வராததால் அவளே வாங்கினாள். கனமே இல்லை. இவளோடுதானா இத்தனை வருஷம் மல்லுக்கட்டினோம் என்று நினைத்தாள். பொறாமை அப்போதும் போகவில்லை, அதைத் தூக்கிப்போட இடம்தான் தெரியவில்லை. ஒதீலியா சிலுவை போட்டுக்கொண்டு விம்மினாள்.

எவரார்தோவின் பெட்டியைக் கயிறு கட்டி இறக்கினார்கள். அது உட்கார்ந்ததும் கல்லறைக்காரர் நிமிர்ந்து, தலை முதல் கால் வரை கறுப்பில் நின்ற ஒதீலியாவைப் பார்த்துக் கேட்டார்.

“சின்னப் பெட்டியை எங்கம்மா வைக்கறது? வழக்கமா கால்மாட்டுல வைப்போம். சம்சாரம் எப்படிச் சொல்றாங்களோ அப்படி.”

“என்னைக் கேக்காதீங்க,” என்றாள் ஒதீலியா. “அவங்கதான் சம்சாரம். அவங்களைக் கேளுங்க.”

எல்லாரும் கிளி போட்ட கவுனைப் பார்த்தார்கள். ஜெபம் சொல்கிறவளும் பார்த்தாள். தட்டு கொடுத்த கிழவி பக்கத்தில் நின்றவளின் காதில் ஏதோ சொன்னாள். எர்லிந்தா பெட்டியை மார்போடு வைத்துக்கொண்டு குழிக்குள் எட்டிப் பார்த்தாள். நேரம் ஆயிற்று. கல்லறைக்காரர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“கால்மாட்டுல வேண்டாம்,” என்றாள்.

“அதுதான் வழக்கம்மா.”

“வேண்டாம்னா வேண்டாம். தூக்கத்துல உதைப்பாரு.”

கல்லறைக்காரர் ஒதீலியாவைப் பார்த்தார்.

“அக்கா அப்படி ஒண்ணும் சொன்னதில்லையே,” என்றாள் ஒதீலியா மெதுவாக.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. நாப்பதுக்கு மேல வந்த பழக்கம்.” எர்லிந்தா மண்டியிட்டுச் சின்னப் பெட்டியைக் கல்லறைக்காரர் கையில் கொடுத்தாள். “தலைமாட்டுல வைங்க.”

அவர் பெட்டியைத் தலைப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுச் சரிதானா என்பது போல மேலே பார்த்தார்.

“ஒட்டி வைக்காதீங்க,” என்றாள் எர்லிந்தா. “கொஞ்சம் தள்ளி.”

அவர் ஒரு சாண் தள்ளி வைத்தார்.